பன்னிரண்டாம் எழுத்தில் மூடும் வாசல்

மதுரைப் புகார் மையத்தில் எஸ்தருக்கு ‘நாலு நிமிஷம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு புகாரை ஒன்பது நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. எஸ்தர் நாலு நிமிடத்திலேயே முடித்துவிடுவாள். அதற்காகப் போன வருடம் ஒரு பித்தளைக் கோப்பை கொடுத்தார்கள். அதை மேசை மேல் வைத்து, ஹேர்பின்னும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்தால் கால் ஆடும், பேசினால் கையிலிருக்கும் பேனா ஆடும். காலில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும் இருப்பாள்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு அவள் எதிரில் வந்து உட்கார்ந்த பெண்ணோ, எளிதில் எழுந்து போகிறவளாகத் தெரியவில்லை.

பெயர் ஞானவடிவு. ஊர் அருப்புக்கோட்டை. நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிக்கணினியைப் பிரஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கயிற்றை அவிழ்த்து, அதையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

வாசல் திறக்கிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. அதுதான் புகார். வாசல் என்பது இணையச் சேவை வாரியம் கொடுத்திருக்கும் பிரவுசர். ரேஷன், கேஸ், ஆஸ்பத்திரி, வேலை விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் வழி. அதில் தன் பெயரைப் பதிய ஞானவடிவு பதினொரு மாதமாகப் போராடுகிறாள். முதல் கட்டத்தில் பதினாறு இலக்கக் குடிமக்கள் எண்ணை அடிக்க வேண்டும். பன்னிரண்டாவது இலக்கத்தைத் தட்டியதும் வாசல் பொத்தென்று மூடிக்கொள்ளும். ஏன் என்று ஒரு வார்த்தை வராது. மையத்துக்கு ஆறு தடவை போன் போட்டிருக்கிறாள். ஆறு பேரும் மூடித் திறந்து பார்க்கத்தான் சொன்னார்கள்.

எஸ்தரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஞானவடிவு, இதுவரை ஏழு மெஷினில் முயன்று பார்த்தாயிற்று என்றாள். தன்னுடையது, தங்கை வீட்டினுடையது, மூன்று சேவை மையம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஜவுளிக்கடை. எல்லாவற்றிலும் பன்னிரண்டாவது இலக்கத்தில்தான் மூடியது. தங்கை வீட்டுக்காரர் அவளுக்காக ஒரு தடவை தட்டிக் கொடுத்தாராம். ‘விண்ணப்பதாரரும் கையும் வேறு வேறு’ என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் மேடம் டைம். அவுக செத்துட்டாக. அவுக வேலையில பாதியாச்சும் எனக்குக் கொடுப்பாக. அஞ்சு மணிக்கு மேல போனா அது வேற ஆளுக்குப் போயிரும்.”

கணவர் பெத்துராஜ் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருந்தவர். தொண்டையில் வந்த கட்டியால் பதினொரு மாதத்துக்கு முன்பு காலமானார். பிள்ளைகள் இல்லை. கருணை வேலைக்கான விண்ணப்பத்தை வாசல் வழியாகத்தான் போட முடியும். அதைச் சொந்தக் கையால் போட வேண்டும். கடைசி நாள் இன்றைக்கு.

எஸ்தர் அவளைத் தட்டச் சொல்லிவிட்டுத் தன் திரையில் பார்த்தாள். ஞானவடிவின் விரல்கள் விசைப்பலகையில் இறங்கியதும் அவள் ஆளே மாறிவிட்டாள். அத்தனை வேகம். எண்களைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு தட்டில் வாசல் மூடிக்கொண்டது. இன்னொரு தடவை தட்டச் சொன்னாள், மறுபடி மூடியது. ஒற்றை விரலால் தட்டச் சொன்னாள், இடது கையால் தட்டச் சொன்னாள். ஒரு மாற்றமும் இல்லை.

ஒன்பது நிமிடம் கடந்து சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த மேசைக்கு மேல் அது எரிந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு மேசை தள்ளியிருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒரு பிரவுசர் செயலிழந்து விழுந்தால், விழுந்த கணத்தில் என்ன நடந்தது என்று ஒரு குறிப்பை விட்டுவிட்டுத்தான் விழும். வீழ்ச்சிக் குறிப்பு என்பார்கள். அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. நாலு நிமிடத்தில் புகாரை முடிக்கிறவள் எங்கே படிக்கப்போகிறாள்? எஸ்தர் தன் வாழ்நாளில் படித்தது பத்து தேறாது. இன்றைக்குப் படித்தாள். படித்து முடித்தபோது ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் பேருல யாரு தட்டுவா?”

“நான்தான். அவுகளுக்கு இதெல்லாம் வராது. பேனாதான் அவுகளுக்கு. வாசல் வந்த நாள்லருந்தே நான்தான். எங்க தெருவுல எல்லா வீட்லயும் அப்பிடித்தான் மேடம். பேரு அவுகளோடது, வேலை நம்மளோடது.”

எஸ்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். வாசலில் கடவுச்சொல் கிடையாது. திருட்டு அதிகமாகிப்போனதால் அதை எடுத்துவிட்டு, விரல்நடை என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அதை இவளுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

“தூரத்துல ஒருத்தர் வந்தா நடையை வச்சே ஆளைச் சொல்லிருவோம்ல? தட்டுறதுக்கும் அப்பிடி ஒரு நடை உண்டு. எந்த எழுத்துக்கு அப்புறம் எவ்வளவு நிக்கிறீங்க, எவ்வளவு அழுத்துறீங்கன்னு பன்னெண்டு எழுத்து பாத்தா வாசலுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சிரும். நொண்டி நடந்தாலும் கண்டுபிடிச்சிரும். ஆறு வருசமா உங்க நடையைத்தான் அது பெத்துராஜ்னு எழுதி வச்சிருக்கு.”

“சரி.”

“அவர் எறந்ததும் பதிவு பண்ணியிருக்காங்க. அவர் பேரை மூடும்போது கையையும் சேத்து மூடிட்டாங்க.”

ஞானவடிவு தன் இரண்டு கையையும் எடுத்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

“அப்ப அது என்னைச் செத்தவன்னு நினைக்குதா?”

ஆமாம் என்று எஸ்தர் தலையாட்டினாள். வாசல் செய்தி எதுவும் காட்டாததற்கும் காரணம் அதுதான். தப்பான எண் போட்டால் என்ன சொல்ல வேண்டும், கரண்ட் போனால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆயிரம் செய்தி எழுதி வைத்திருக்கிறார்கள். செத்தவர் திரும்பி வந்து தட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. சொல்ல வார்த்தை இல்லாமல்தான் வாசல் விழுந்துவிடுகிறது.

மேற்பார்வையாளர் நாகேந்திரன் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். விரல்நடையை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதென்றால், பதிவுக்குரியவர் தாமே எழுதித் தர வேண்டும். பதிவுக்குரியவர் பெத்துராஜ். அவர் இல்லை. ஆகவே வழியும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, மேலே எரியும் சிவப்பு விளக்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மணி ஒன்றாகிவிட்டது. ஞானவடிவு அழவில்லை. கயிற்றை எடுத்து மறுபடி பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் எஸ்தருக்கு எதற்கென்று தெரியாத ஒரு கோபம் வந்தது. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, பெத்துராஜ் பெயரில் உள்ள வீழ்ச்சிக் குறிப்புகள் எல்லாவற்றையும் இழுத்தாள். ஞானவடிவின் கை அவர் பெயரில் ஒரு தடவையாவது இடறியிருந்தால், தட்டியது இவள்தான் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டலாமே என்று ஒரு நப்பாசை.

ஆறு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. அவர் இறப்பதற்கு முந்தைய மூன்று நாட்களில் மட்டும் பதினேழு இருந்தன.

“ஆஸ்பத்திரில உங்ககிட்ட மெஷின் இருந்துச்சா?”

ஒரு டேப்லெட் இருந்ததாக ஞானவடிவு சொன்னாள். தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அவரால் பேச முடியாது. வாசலில் குறிப்பு எழுதும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்து அவர் மடியில் வைப்பாள். ஏதாவது வேண்டுமென்றால் எழுதிக் காட்டட்டும் என்று. அவர் ஒன்றும் எழுதிக் காட்டியதில்லை. ஒற்றை விரலால் எதையோ குத்திக்கொண்டே இருப்பார். மூடிக்கொள்ளும். மறுபடி திறந்து தரச் சொல்லிச் சாடை காட்டுவார். திறந்து தருவாள், குத்துவார், மூடிக்கொள்ளும்.

எஸ்தருக்கு விளங்கிவிட்டது. பெத்துராஜ் பெயரில் பதிந்திருப்பது மனைவியின் கை. சொந்தக் கையால் பெத்துராஜ் தட்டியபோது வாசல் அவரைத் திருடன் என்று நினைத்திருக்கிறது. திருடனுக்குக் காரணம் சொல்லி உஷார்ப்படுத்தக் கூடாதல்லவா? அதனால் பன்னிரண்டு எழுத்து பார்க்கும், பேசாமல் மூடிக்கொள்ளும். சொந்தக்காரனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய கதை.

எழுதியது போய்ச் சேரவில்லையே தவிர, அழியவில்லை. ஒவ்வொரு குறிப்பிலும் அந்தப் பன்னிரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் குறிப்பை எஸ்தர் திறந்தாள்.

‘ஞானம், ஃபேன கொஞ்ச’

இரண்டாவதிலும் அதேதான், மூன்றாவதிலும் அதேதான். எஸ்தர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஞானவடிவு குனிந்து படித்தாள்.

“ஃபேனா கேட்டாக? குளிரும்னு நான் நிறுத்திப் போட்டிருந்தேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பதினொரு மாதமாக ஏழு மெஷின் முன்னால் அடக்கி வைத்திருந்த அழுகை ஒரு ஃபேனுக்காக உடைந்தது. எஸ்தர் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. நாலு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற ஆறுதல் எதுவும் அவளிடம் இல்லை.

நாலாவது குறிப்பிலிருந்து வேறு மாதிரி இருந்தது. ‘ஐயா, என் பெயரில்’ என்று இருந்தது. அடுத்ததில் ‘பதிந்துள்ள விரல்நடை’. அதற்கடுத்ததில் ‘என் மனைவி ஞானவடி’ என்று நின்றுவிட்டது. அதற்கடுத்தது ‘வுடையது’ என்று ஆரம்பித்தது. ஏன் இப்படி அரைகுறையாக ஆரம்பிக்கிறது என்று எஸ்தர் வாய்விட்டே கேட்டாள்.

ஞானவடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவுக வழக்கம் அது. பதிவறையில எழுதுறப்ப மை கொட்டினாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, விட்ட எடத்துலருந்துதான் எழுதுவாக. முதல்லருந்து எழுதினா ஒரே விசயத்துக்கு ரெண்டு பதிவு ஆயிரும், அது தப்புன்னு சொல்லுவாக. மளிகைச் சீட்டுகூட அப்பிடித்தான் எழுதுவாக.”

ஃபேன் கேட்டது பெண்டாட்டியிடம், அதனால் மூன்று தடவையும் முதலிலிருந்து கேட்டிருக்கிறார். மனு எழுதியது அலுவலகத்துக்கு, அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். மூன்று தடவை வெளியே தள்ளப்பட்டதுமே, தன் பெயரில் இருப்பது மனைவியின் கை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு ஃபைலை மூடினால் அதோடு சேர்த்துக் கட்டிய தாள்களும் உள்ளே போய்விடும் என்பது முப்பது வருடம் பதிவறையில் இருந்தவருக்குத் தெரியாதா? எஸ்தர் பதினான்கு துண்டையும் வரிசையாக ஒட்டினாள்.

‘ஐயா, என் பெயரில் பதிந்துள்ள விரல்நடை என் மனைவி ஞானவடிவுடையது. நான் சொன்னதால்தான் அவர் தட்டினார். அவர் மீது தவறில்லை. நான் இறந்தால் என் பதிவோடு சேர்த்து அவர் கையையும் மூடிவிடுவீர்கள். அவர் உயிரோடு இருப்பவர். எனவே தயவுசெய்து மேற்படி விரல்நடையை அவர் பெயருக்கு’

அதோடு நின்றுவிட்டது. பதினெட்டாவது குறிப்பு இல்லை.

“நான்தான் பிடுங்கி வச்சேன்,” என்றாள் ஞானவடிவு. “சும்மா குத்திக்கிட்டே இருக்காகளே, கண்ணு கெட்டுப்போகும், கொஞ்சம் தூங்கட்டும்னு பிடுங்கிப் பைக்குள்ள வச்சுட்டேன். கை நீட்டிக் கேட்டாக. குடுக்கல.”

எஸ்தரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதிவுக்குரியவரே எழுதிய மனு கிடைத்துவிட்டது, உயிரோடு இருந்தபோது எழுதியது. ஆனால் எழுதியது பெத்துராஜ்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? யாரோ திருடன் என்றல்லவா வாசல் குறித்து வைத்திருக்கிறது? குறிப்புகளின் அடியில் சின்னதாக ஓர் இணைப்பு தெரிந்தது. கடைசிக் குறிப்பு விழுந்த நாளிலேயே அந்த வார்டிலிருந்து ஒரு நர்ஸ் புகார் அனுப்பியிருந்தார்.

‘நோயாளி பெத்துராஜ், பேச இயலாதவர், தானே தட்டுகிறார். பன்னிரண்டு எழுத்துக்கு ஒருமுறை வாசல் மூடிக்கொள்கிறது. முக்கியமாக ஏதோ எழுதுகிறார் போலிருக்கிறது. தயவுசெய்து பார்க்கவும்.’

இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எஸ்தருக்கு. சந்தோஷத்தோடு பதிலைப் பார்த்தாள்.

‘மூடித் திறந்து பாருங்கள். புகார் முடிக்கப்பட்டது. நேரம்: மூன்று நிமிடம். ஊழியர் எண் 2217.’

மேசையில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஒன்பது வருடமாக அவள் எண் அதுதான். அந்தப் புகார் அவளுக்கு நினைவில்கூட இல்லை. அந்த மாதம் முடித்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் புகாரில் அதுவும் ஒன்று. அந்த மாதத்துக்குத்தான் பித்தளைக் கோப்பை கொடுத்தார்கள்.

அப்போது குறிப்பைத் திறந்து படித்திருந்தால் அவருக்கு ஃபேனாவது கிடைத்திருக்கும். இந்த நினைப்பு வந்ததும் எஸ்தரால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். குடித்த மாதிரியே இல்லை.

நாகேந்திரன் இரண்டாவது தடவை வந்து, எல்லாவற்றையும் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழி ஒன்று இருந்தது. பழைய புகாரை மறுபடி திறந்தால், திருத்தம் அந்தப் புகாரின் தேதிக்கே போய்ச் சேரும். அந்தத் தேதியில் பெத்துராஜ் உயிரோடு இருந்தார். அவர் எழுதியது அவர் மனுவாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் முடித்த புகாரைத் திறக்க ஒரே ஒரு காரணத்தைத்தான் வாரியம் ஒப்புக்கொள்ளும்: தவறாக முடிக்கப்பட்டது. முடித்தவர் அதைத் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும்.

“சம்பந்தப்பட்ட ஆள் எறந்துட்டாரு எஸ்தர்,” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “விசாரணை வரும். உன் வேலை நிக்காது. யோசிச்சுக்கம்மா.”

எஸ்தர் யோசித்தாள். இந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. விதி ஒத்துவரவில்லை என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டால், கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒருவரும் கேட்கப்போவதில்லை. வீட்டில் அவள் சம்பளத்தை எதிர்பார்த்து மாமனாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்தபடி ஞானவடிவைப் பார்த்தாள். அவள் கைகள் இன்னும் மேசைக்குக் கீழேதான் இருந்தன.

எஸ்தர் தட்ட ஆரம்பித்தாள். தவறாக முடித்தேன், படித்துப் பார்க்கவில்லை, காரணம் அவசரம். தன் பெயர், எண், தேதி. பதினேழு குறிப்புகளையும் நர்ஸ் எழுதியதையும் சேர்த்துச் சென்னைத் திருத்தப் பிரிவுக்கு அனுப்பினாள். அப்போது மணி இரண்டு முப்பத்தைந்து.

அதன் பிறகுதான் அவஸ்தை. மூன்று மணிக்குப் பதில் இல்லை. மூன்றரைக்கு நாகேந்திரன் போன் போட்டார், யாரோ எடுத்து, பார்க்கிறோம் என்று சொன்னார்கள். எஸ்தர் நகத்தைக் கடித்தாள். கோப்பையிலிருந்த ஹேர்பின்களைக் கொட்டி எண்ணினாள், மறுபடி போட்டாள். பத்து தடவை அறைக் கதவுவரை போய்விட்டு வந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் அந்தப் பழைய புகாரை ஞானவடிவு பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இந்த 2217 நான்தான் அக்கா.”

ஞானவடிவு படித்தாள். திட்டுவாள் என்று எஸ்தர் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“நீங்க மூணு நிமிசம் பாத்துருக்கீக,” என்றாள் ஞானவடிவு. “நான் மூணு நாள் பக்கத்துலயே இருந்தேன்.”



நாலு மணி பத்து நிமிடத்துக்கு எஸ்தரின் திரையில் இரண்டு செய்தி வந்தது. ஒன்று, புகார் எண் இன்னது திறக்கப்பட்டது, விரல்நடை திருத்தப்பட்டது. இரண்டாவது, ஊழியர் எண் 2217 நாளை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வர வேண்டும். இரண்டாவதை அவள் உடனே மூடிவிட்டாள்.

ஞானவடிவு மடிக்கணினியைத் திறந்து எண்ணைத் தட்டினாள். இந்தத் தடவை விரல்கள் பறக்கவில்லை. பத்து, பதினொன்று. பன்னிரண்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். தட்டினாள். வாசல் அப்படியே இருந்தது. பதிமூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. பக்கம் மாறியது. பதினொரு மாதத்தில் அவள் பார்த்தே இராத இரண்டாவது கட்டம். ‘உங்கள் பெயர்’ என்று கேட்டது.

விரல்கள் பழக்கத்தில் பாய்ந்து ‘பெத்து’ என்று அடித்துவிட்டன. எஸ்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஞானவடிவு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். வாசல் மூடவில்லை, காத்திருந்தது. பிறகு விசைப்பலகையின் மேல் குனிந்து எதையோ தேடினாள். ஆறு வருடம் கண்ணை மூடிக்கொண்டு தட்டியவள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு விசையாகப் பார்த்தாள்.

“என்னக்கா?”

“ஞ எங்க இருக்குன்னு தெரியல மேடம். நான் இதுவரைக்கும் தட்டுனதே இல்ல.”

எஸ்தர் காட்டுவதற்குக் கையை நீட்டினாள். ஞானவடிவு வேண்டாம் என்று தடுத்தாள். தேடிக்கொண்டே இருந்தாள். மணி நாலு இருபத்தெட்டு.

“இருக்கட்டும், நானே பாக்குறேன்,” என்றாள். “அவுக ஒத்த விரல வச்சுக் கண்டுபிடிச்சிருக்காகளே.”